ஏசி வேண்டாம் என்று நான் சொன்ன வருஷங்கள்

எங்கள் வீட்டில் ஏசி போடக் கூடாது என்று பல வருஷம் ஒற்றைக் காலில் நின்றவன் நான்தான். என் பெண் நேராகச் சொல்லிப் பார்த்தாள், மாப்பிள்ளை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. என் கையில் ஒரு காரணம் இருந்தது. அதை யாரும் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கம்பெனியில் செல்போன் சார்ஜருக்கு உள்ளே இருக்கும் சின்ன போர்டுகளைத் தயாரிக்கிறோம். ஷெட் முழுக்க ஏசி. எங்கள் மேல் உள்ள பிரியத்தினால் அல்ல, சூடும் ஈரமும் அந்த போர்டுக்கு ஆகாது என்பதற்காக. லைனில் என் இடம் சரியாகக் குளிர்காற்று இறங்கும் ஓட்டைக்குக் கீழே. கோட்டுக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு, கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பேன். வீட்டில் ஏசிப் பேச்சு எழும்போதெல்லாம், "எட்டு மணி நேரம் குளிர்ல வெறைச்சிட்டு வர்றேன், வூட்டுக்கு வந்தும் அதே குளிரா?" என்பேன். பேச்சு அதோடு அடங்கிவிடும். அந்தக் கேள்வியில் நான் ஒருத்தன் மட்டும்தான் இருந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

இதில் என் ஷிஃப்ட் கதையையும் சொல்ல வேண்டும். கம்பெனியில் ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட். வாரம் ஒரு முறை மாறும். ராத்திரி பத்தரைக்கு ஆரம்பித்துக் காலை ஆறரைக்கு முடிவது சி. தென்மாவட்டத்திலிருந்து வந்து படப்பையில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்கு சி ஷிஃப்ட் என்றாலே கிலி. பகலில் அந்த ரூம்களில் படுத்தால் வெந்துபோவார்கள். தங்கள் வாரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று என்னிடம்தான் வருவார்கள். நானும் தாராளமாக மாற்றிக் கொடுப்பேன். ராத்திரியில் பெரிய அதிகாரிகள் வரமாட்டார்கள், லைன் தன் பாட்டுக்கு ஓடும், நம்மை யாரும் நச்சரிக்கமாட்டார்கள். இப்படி மாற்றி மாற்றி, கிட்டத்தட்ட நிரந்தரமாகவே நான் சி ஷிஃப்ட் ஆள் ஆகிப்போனேன்.

காலையில் வந்து, நாஷ்டா சாப்பிட்டு, எட்டரைக்குப் படுத்தால் இரண்டு மணி வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவேன். மேலே ஃபேன் சுற்றும். லேசாக வேர்க்கும். ராத்திரி முழுக்க விறைத்த உடம்புக்கு அந்த வேர்வை எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி இருக்கும். இதைவிட என்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீடு படப்பைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்தில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. மேலே தளம் போட்டது. படுக்கையறையின் மேற்குச் சுவர் வெட்டவெளியைப் பார்த்து நிற்கிறது. பக்கத்தில் கட்டடமோ மரமோ கிடையாது. மத்தியானத்துக்கு மேல் வெயில் அந்தச் சுவரிலும் தளத்திலும் இறங்கும். உள்ளே வந்து சேர ராத்திரி ஆகிவிடும். நான் அந்த அறையில் தூங்கியது காலையில், சுவர் ஆறியிருக்கும்போது. சுவர் காயத் தொடங்கும் நேரம் நான் எழுந்து டீக்கடையில் இருப்பேன். வாங்கிய சூட்டை அது உள்ளே கக்கத் தொடங்கும்போது கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில்கூட, ராத்திரித் தூக்கம் பழக்கமில்லாததால் மொட்டை மாடியில் பாயை விரித்து செல்போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஆக, என் சொந்த வீட்டுப் படுக்கையறை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

என் மனைவி எதையும் முறையிட்டுச் சொல்கிறவள் இல்லை. வெயில் காலத்தில் எப்போதாவது, "ராவுல ஃபேனு நெருப்பக் கொட்டுது" என்பாள். அவ்வளவுதான். நானும் சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். முதலில் அந்த சீலிங் ஃபேனுக்குக் கண்டன்சர் மாற்றினேன். அடுத்த வருஷம் ஃபேனையே மாற்றினேன். அதற்கும் அடுத்த வருஷம் கட்டில் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வந்தது. பிறகு ஆள் உயரத்துக்கு ஒரு பெடஸ்டல் ஃபேன். அதை மூன்றில் வைத்தால் காலண்டர் தாளெல்லாம் பறக்கும். இதற்கு மேல் காற்று வேண்டுமானால் கடற்கரையில்தான் போய்ப் படுக்க வேண்டும் என்று அவளைக் கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள்.

ஏர் கூலர் வாங்கிய கதையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றி ஓட்டும் அந்தப் பெட்டியை மறைமலை நகரிலிருந்து நானே டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஏசி மாதிரியே இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நான் தெருவெல்லாம் சொன்னேன். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் போதாதென்று அது இன்னும் ஈரத்தை ஊதியது. இரண்டே நாளில் உப்பு ஜாடியில் உப்பு கரைந்து நின்றது. அப்பளம் துணி மாதிரி தொங்கியது. பீரோவுக்குள் புடவைகள் நாற்றம் எடுத்தன. மூன்றாம் நாள் என் மனைவி அதிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, மேலே ஒரு துணியை விரித்து அரிசி டின்னை ஏற்றி வைத்துவிட்டாள்.

போன வருஷம் மார்ச் மாதம் என் பெண்ணின் மாமியார் கோயில் குளம் என்று பத்து நாள் போய்விட்டார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள என் மனைவி குன்றத்தூருக்குப் போனாள். அங்கே பெண் வீட்டில் ஏசி உண்டு. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவளைப் பார்த்தால் முகம் தெளிந்து, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு வெளுத்து, ஐந்து வயசு குறைந்தவள் போல இருந்தாள். பேரனைக் கொஞ்சியதில் வந்த தெளிவு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்தத் தெளிவு ஒரே வாரத்தில் காணாமல் போனது. பேரன் ஏக்கம் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அப்புறம் மே மாதம் வந்தது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். நான் நல்ல தூக்கத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஜன்னலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். எழுந்து போனால் என் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரேஷன் கடை வரிசையில் நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம், எழுந்திருக்க முடியவில்லையாம். அவள் ஜாக்கெட் தொப்பலாக நனைந்திருந்தது. கையைப் பிடித்தால் நடுங்கியது. "நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே கீது" என்றாள்.

அவளுடைய அண்ணன் இதே வயதில், இப்படித்தான் நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர். எழுந்திருக்கவே இல்லை. அது எங்கள் இருவர் நினைவிலும் இருந்தது. இருவருமே அதைப் பேசவில்லை. லுங்கியோடே ஆட்டோவில் ஏறிப் படப்பையில் இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் அவள் என் கையை விடவே இல்லை. நான் அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அவளை உள்ளே அழைத்துப் போய் மார்பில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் கடிகாரம் இருந்தது, அதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். எனக்குப் பயமாக இருந்தது. இவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்தே அதை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எங்கள் இருவரையும் டாக்டரம்மா அறைக்குள் கூப்பிட்டார்கள்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். வேக வேகமாகப் பேசுகிறவர். ஈசிஜி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி என்றார். எனக்கு உயிர் வந்தது. மாதவிலக்கு நிற்கிற வயசு, அதில் உடம்பு திடீர் திடீரென்று சூடாகும், வேர்த்துக் கொட்டும், படபடக்கும் என்று அவளிடம் விளக்கிக்கொண்டே வந்தவர், ராத்திரித் தூக்கம் எப்படி என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அதெல்லாம் நல்லா தூங்கும் மேடம். படுத்தா போதும்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள் என்பதால் அவருக்கு எங்கள் நடைமுறை எல்லாம் அத்துப்படி.

"நீங்க எந்த ஷிஃப்ட்?"

"சி ஷிஃப்ட் மேடம்."

"இந்த வாரமா?"

"எப்பவுமே அதான் மேடம்."

"அப்ப அவங்க தூங்குறாங்களா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இரண்டு வருஷமாக இப்படித்தானாம். பதினொன்றுக்குப் படுத்தால் ஒரு மணிக்குள் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு விழிப்பு வந்துவிடுமாம். ஜாக்கெட்டை மாற்றிக்கொண்டு மறுபடி படுத்தால் மறுபடி வேர்க்குமாம். சுவரைத் தொட முடியாதாம். சமையலறையில் போய்ப் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் டிரம்மில் முதுகைச் சாய்த்து விடியும் வரை உட்கார்ந்திருப்பாளாம். குன்றத்தூரில் இருந்த பத்து நாள் மட்டும் நன்றாகத் தூங்கினாளாம். இதையெல்லாம் அவள் யாரைப் பற்றியோ சொல்வது போல, குற்றம் சொல்லும் தொனி துளிகூட இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, படுக்கிற அறையைக் குளிர்ச்சியாக வையுங்கள் என்றார். நான் வெட்கத்தை விட்டு, வீட்டில் மூன்று ஃபேன் இருக்கிறது என்றேன். சுவரும் தளமும் சுட்டால் மூன்று ஃபேன் அல்ல, முப்பது ஃபேன் போட்டாலும் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் பக்கம் திரும்பினேன். இரண்டு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், கோபம் யார் மேல் என்று தெரியாமலே.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா இன்னொரு ஃபேனு வாங்கியாருவீங்க."

ஆட்டோக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நெஞ்சில் கோளாறு இல்லை என்ற ஒரு வார்த்தைதான் எங்களை அப்படிச் சிரிக்க வைத்தது. அது மட்டும் வேறு மாதிரி வந்திருந்தால் அதே ரோட்டில் எப்படித் திரும்பி வந்திருப்போம் என்று எனக்குத் தெரியாது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே ஏசி வந்தது. மாட்ட வந்த மெக்கானிக் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டரைக் காட்டி, அதை அடைக்காவிட்டால் குளிரெல்லாம் வெளியேதான் போகும் என்றார். மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தச் செவத்துலதான வெயிலு பூரா அடிக்கி. இதுல எப்பிடிப் படுத்தீய?" என்றார். நான் படுக்கவில்லை, அவள்தான் படுத்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை. வெண்டிலேட்டரை தெர்மோகோல் வைத்து அடைத்தோம். தளத்தின் மேலே வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் மெஷினுக்குப் பாதி வேலை குறையும் என்றார். அடித்தேன். இருபத்தாறில் வைத்து மேலே சீலிங் ஃபேனை ஒன்றில் ஓடவிட்டால் போதும், குளிர் அறை முழுக்கச் சுற்றி வரும் என்றார். ஃபேனுக்கும் அந்த அறையில் ஒரு இடம் மிஞ்சியது என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆக, ஒரே அறைக்கு இரண்டு சட்டம் என்று ஏற்பாடு ஆயிற்று. ராத்திரி அவளுக்கு ஏசி, பகலில் எனக்கு ஃபேன். பகலில் அந்த ரிமோட்டைத் தொடவே மாட்டேன் என்று சவால் விட்டேன். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள் மட்டும் தொட்டேன். சரி, இரண்டு நாள். இருபதில் வைத்துவிட்டுத் திரும்ப மாற்ற மறந்ததால் மாட்டிக்கொண்டேன். அதை என் மனைவி எங்கள் பெண்ணுக்கு போன் போட்டுச் சொல்லி இருவரும் ஒரு மணி நேரம் சிரித்தார்கள்.

ஆனால் ஏசி வந்த கையோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்தது தப்பு. முதல் வாரம் முழுக்க அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியே இருந்தது. கேட்டால், நன்றாகத் தூங்கினேன் என்றாள். ஒருமுறை சூடுபட்டவன் என்பதால் இந்தத் தடவை நான் வாய் வார்த்தையை நம்பவில்லை. ஏசியிலிருந்து வடியும் தண்ணீருக்காக வெளியே குழாயின் அடியில் ஒரு பக்கெட் வைத்திருந்தோம். புதன்கிழமை காலை வேலை முடிந்து வந்ததும் அதை எட்டிப் பார்த்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. வியாழக்கிழமையும் அப்படியே.

நான் வீட்டில் இருந்த ஞாயிறு ராத்திரியில் மட்டும் அவள் ஏசியைப் போட்டிருக்கிறாள். நான் மாடியில் படுத்திருந்தும் அன்றைக்கு மட்டும் போட்டிருக்கிறாள். மற்ற நாளெல்லாம் பழையபடி ஃபேன், பின்கதவு, தண்ணீர் டிரம். ஏன் என்று கேட்டதற்கு, "ஒத்த ஆளுக்கு இன்னாத்துக்கு அது?" என்றாள். வீட்டுக்கு நான்கு பேர் வந்தால் வகையாகப் பொங்கிப் போடுகிறவள், தனக்கு மட்டும் என்றால் பழைய சோறு போதும் என்பாளே, அதே கணக்கு. எனக்கு வந்த கோபத்தில் பக்கெட்டை உதைத்தேன். கால் விரல் வீங்கியதுதான் மிச்சம். அப்புறம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன். கம்பெனியில் ஒரு சார்ஜர் போர்டுக்காக ராத்திரி பகலாக ஏசி ஓட்டுகிறான். அந்த போர்டைவிட நீ மட்டமா?

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை காலை பக்கெட்டில் கால்வாசித் தண்ணீர் இருந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் சாவி என்னிடம் இருந்ததே இல்லை. தேவைப்பட்டதில்லை. காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் என்னைத் தெருமுனையில் இறக்கிவிடும். நான் நடந்து வந்து கேட்டில் கை வைப்பேன், உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கும். அவள் கதவைத் திறந்துகொண்டு நிற்பாள். மழையோ பனியோ, ஒரு நாள்கூட நான் கதவைத் தட்டியதில்லை. லைனில் சிலர், வீட்டில் கால் மணி நேரம் தட்டினால்தான் எழுந்து வருகிறார்கள் என்று புலம்புவார்கள். "எங்க வூட்டுல என் காலடிச் சத்தம் கேட்டாலே முழிப்பு வந்துடும்" என்று நான் கேன்டீனில் பெருமை அடித்துக்கொள்வேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டைத் திறந்தேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. கதவு வரை போய் நின்றேன். தட்டினேன். கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. போன் போட்டேன். படுக்கையறைக்குள் மணி அடிப்பது எனக்கு வெளியே கேட்டது. முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன், மறுபடி ஓய்ந்தது. சுற்றிக்கொண்டு படுக்கையறை ஜன்னலுக்கு ஓடினேன். கண்ணாடி சாத்தி, திரை இழுத்துவிட்டு இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கையை மடக்கிக் கண்ணாடியில் குத்திக் குத்தி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் தெருவில் நின்று நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா சொன்னதெல்லாம் என் மண்டையிலிருந்து துடைத்துக்கொண்டு போய்விட்டது. அவளுடைய அண்ணன் முகம்தான் முன்னால் நின்றது. மூடிய அறை, தனியாகப் படுத்திருக்கிறாள், நான்தான் அடம்பிடித்து உள்ளே படுக்க வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார். "ஒடைடா ஜன்னல, இன்னாத்த பாத்துக்கினு நிக்கற" என்றார். சுவரோரம் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்தேன். அது நழுவிக் காலருகே விழுந்தது. குனிந்து மறுபடி எடுத்தேன். கண்ணாடிக்கு நேராக ஓங்கிய நேரத்தில் முன்பக்கம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

செங்கல்லோடு முன்பக்கம் ஓடினேன். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு ஆழமாகப் பதிந்திருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் வெளிச்சத்துக்குக் கையை வைத்து மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா, இன்னிக்கு சீக்கிரமே வுட்டுட்டானா?" என்றாள்.

அப்போது மணி ஏழரையைத் தாண்டியிருந்தது.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். சத்தமாகவே அழுதேன், தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள், எனக்குக் கவலையில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என் கையில் இருந்த செங்கல்லைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பொண்டாட்டி தூங்கினதுக்கு ஊரைக் கூட்டின ஆள் நீ ஒருத்தன்தான் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கொஞ்சம் அடங்கிய பிறகு, இத்தனை வருஷமாக என் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து வருவாயே, இன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"உங்க காலடியும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. இந்த ரெண்டு வருசமா பஸ்ஸு வர்றதுக்கு மின்னாடியே முழிச்சிக்கினுதான குந்திக்கினு இருப்பேன். வந்து தெறக்கறதுக்கு இன்னா?"

கேன்டீனில் நான் அடித்த பெருமையெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. நாஷ்டா ஒன்றும் செய்யவில்லையே என்று அவள் எழுந்தாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். "போய்ப் படுத்துக்கம்மே. நான் கடையில துன்னுக்கறேன்" என்றேன். வெயில் ஏறிய பிறகு என்ன தூக்கம் என்று முனகினாள். ஆனால் போனாள். படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது.

நான் ஹாலில் தரையில் படுத்து ஃபேனைப் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சன்னமாகக் குறட்டைச் சத்தம் கேட்டது. என் மனைவி குறட்டை விடுவாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.